மோதிர விரல் நகம்

மேடையில் என் நாற்காலிக்கும் அவருடைய நாற்காலிக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்பதிலேயே முதல் ஒத்திகை தடுமாறியது. அவர் என் கணவர். சட்டப்படி அப்போதும் கணவர்தான். ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் கோயம்புத்தூரில் இருந்தார். நான் சின்னாளப்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். இருவரும் சம்மதித்து விவாகரத்துக்கு மனுப் போட்டிருந்தோம். அந்த மனு மறுபடி விசாரணைக்கு வரும் தேதி, கச்சேரி முடிந்த மறு வாரம்.

கச்சேரியை நடத்தியவர் நாங்கள் இருவருமே அக்கா என்று கூப்பிடும் ஒரு பியானோ ஆசிரியை. திண்டுக்கல்லில் வீட்டிலேயே வகுப்பு எடுக்கிறார். சர்ச்சுகளில் வயலின் வாசிப்பவர்கள், மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பஸ் ஏறி வரும் செல்லோக்காரர்கள், போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிளாரினெட்காரர் என்று ஒவ்வொருவராகப் பிடித்து ஓர் ஆர்க்கெஸ்ட்ரா சேர்த்திருந்தார். எங்கள் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் திருவிழாவில் சினிமாப் பாட்டு பாடுகிற குழு. அழைப்பிதழைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கூட, “பழைய பாட்டா, புதுப் பாட்டாம்மா?” என்றுதான் கேட்டார். புதுசு என்று சொன்னேன். பொய்யில்லை. அன்று வாசிக்கப்போன எல்லாமே புதிதாக எழுதப்பட்டவை. யாரும் அதுவரை கேட்டதில்லை.

அதில் நடுவில் வருவது இரண்டு கிட்டார்களுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக அக்காவே எழுதியது. எழுத ஆரம்பித்தபோது நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். முடித்தபோது இல்லை.

“உங்க ரெண்டு பேருக்குன்னுதான் எழுதுனேன்,” என்றார் அக்கா போனில். “வேற ஆள வச்சும் வாசிக்கலாம். நீ முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. கடைசி நேரத்துல கால வாராத.”

“அவரு என்ன சொன்னாரு?”

“அவன் வாரேன்னுட்டான்.”

அவர் வருகிறார் என்ற பிறகு நான் மாட்டேன் என்பதா? ரோஷம்தான். அதோடு, அக்கா அனுப்பிய இசைத் தாள்களை எடுத்து இரண்டு பக்கம் வாசித்துப் பார்த்ததும் அதை விட மனசு வரவில்லை.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. “வேண்டாம்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டு, ஜோடியா மேடையில போய் உக்காருவீங்களா? பாக்குறவுக என்னடி நினைப்பாக?”

“ஜோடியா இல்லம்மா. ரெண்டு கிட்டார், அம்புட்டுதான்.”

“அந்த ரெண்டையும் யாரு வாசிக்கிறா?” என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏன் பிரிந்தோம் என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் உருப்படியான காரணம் இருந்ததில்லை. குடி இல்லை, அடி இல்லை. இருவரும் கிட்டார் வாசிக்கிறவர்கள்; ஒரே வீட்டில் இருவரும் வகுப்பு எடுத்தோம். நான் உள்ளறையில் வாசிக்கும்போது குளியலறையிலிருந்து அவர் குரல் வரும்: “நாலாவது விரலு, நாலாவது விரலு.” சரியாகத்தான் சொல்வார். அவர் வாசிக்கும்போது நானும் சொல்வேன்: “அந்த இடத்துல அவசரப்படுறீங்க.” நானும் சரியாகத்தான் சொல்வேன். நாளாக ஆக, சோறு குழைந்ததிலிருந்து விருந்தாளியிடம் பேசிய விதம்வரை எதையும் விடாமல் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரு பரீட்சை ஹாலில் எட்டு வருடம் குடியிருந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் அவருக்குக் கோவையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. நீயும் வா என்று அவர் சொல்லவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை.

முதல் ஒத்திகையில் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திண்டாடினேன். ‘என்னங்க’ என்பது இனி என்னுடைய சொல் இல்லை. பெயர் சொல்லி நான் ஒருநாளும் அழைத்ததில்லை. அவருடைய தாள் காற்றில் பறந்து என் காலடியில் விழுந்தபோது, “இந்தாங்க” என்று நீட்டினேன். கடைக்காரரிடம் சில்லறையைக் கொடுப்பதுபோல. அவரும் அப்படியே வாங்கிக்கொண்டார். அக்கா நாற்காலிகளைப் பார்த்து, “ஏம்ப்பா, இடையில பஸ் போகுமாட்டம் இருக்கே?” என்று இரண்டையும் இழுத்து நெருக்கிப் போட்டார்.

இசையில் ஓர் இடம் எனக்குக் கிலியைக் கொடுத்தது. மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் நின்றுவிடும். எதிரில் நின்று கையசைத்து நடத்தும் அக்காவின் கையும் இறங்கிவிடும். அதன்பின் கிட்டார்கள் இரண்டும் மட்டும். தொடங்கச் சொல்லி யாரும் கைகாட்ட மாட்டார்கள். ஒருவர் மூச்சு இழுப்பதை மற்றவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். அங்கே நான் ஒரே தந்தியை மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வேகமாக மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தனித்தனி ஒலிகள் சேர்ந்து நிற்காத ஒரே குரலாகக் கேட்கும். அதன்மேல் அவர் ராகத்தை வாசிப்பார்.

ஒத்திகைகளில் ஒருமுறைகூட நாங்கள் சேர்ந்து தொடங்கவில்லை. அவர் தாளைப் பார்த்தார், நான் விரலைப் பார்த்தேன்.

“அவன் மூஞ்சியச் செத்த நேரம் பாரேன்,” என்றார் அக்கா. “கடிச்சா தின்னுருவான்?”

வயலின்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஏறிட்டுப் பார்த்தேன். தாடியில் நரை வந்திருந்தது. அது எனக்குத் தெரியாமல் வந்த நரை என்று நினைத்ததும் தொடங்கத் தவறிவிட்டேன்.

கச்சேரி ஒரு பள்ளியின் கலையரங்கத்தில். சாயங்காலம்தான் தொடக்கம் என்றாலும் நான் மதியமே ஆட்டோ பிடித்து அம்மாவோடு வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் பயம். மைக் சரியாக இருக்குமா, கரண்டு போகுமா, பாட்டு எங்கே என்று ஜனம் சத்தம் போடுமா. நாங்கள் தயாராவதற்கு ஒரு வகுப்பறையைக் கொடுத்திருந்தார்கள். சிறு பிள்ளைகளின் பெஞ்சுகள், கரும்பலகையில் அழிக்காத வகுத்தல் கணக்கு. கிட்டார் பெட்டியை பெஞ்சில் வைத்துக் கொக்கியை நெம்பினேன். வழக்கமாக இறுக்கமாக இருக்கும் கொக்கி. சட்டென்று விடுபட்டு விரலில் அடித்தது. வலி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வலது கை மோதிர விரலின் நகம் பாதியோடு முறிந்து சதையோரம் தொங்கியது.

கிட்டார் வாசிக்காதவர்களுக்கு இது விளங்காது. வலது கை நகங்கள்தான் எங்கள் குரல். பாத்திரம் தேய்க்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, கதவைத் திறக்கும்போது எல்லாம் அந்த நகங்களைக் காப்பாற்றிக்கொண்டே வாழ்கிறோம். மோதிர விரலில் நகம் இல்லாமல் அந்த இடத்தை வாசித்தால், மூன்றில் ஓர் ஒலி ஊமையாகிவிடும். நொண்டுகிற மாதிரி கேட்கும்.

“என்னடி, ரத்தமா?” என்றாள் அம்மா.

“நகம் போயிருச்சும்மா.”

“நகந்தானே, வளந்துரும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அவர் வாசலில் வந்து நின்றார். அம்மாவைப் பார்த்து, “நல்லாருக்கீங்களா அத்தை?” என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் பார்வை என் கைக்கு வந்தது. திரும்பிப் போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தார். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெட்டிய டேபிள் டென்னிஸ் பந்து, கத்தரிக்கோல், பசை, உப்புத்தாள். என்னிடமும் அப்படி ஒரு டப்பா உண்டு. அன்று பதற்றத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இதைக்கூட எடுத்து வைக்க மாட்டியா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக நாக்கில் நின்றது.

அவர் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, “கையக் குடு,” என்றார்.

கொடுத்தேன். பந்திலிருந்து நக வடிவில் ஒரு துண்டு வெட்டினார். வைத்துப் பார்த்து மறுபடி வெட்டினார். மிஞ்சிய நகத்தின் அடியில் பசை தடவி, துண்டைச் செருகி, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“ஆட்டாத.”

“நான் ஆட்டல. தானா ஆடுது.”

“செரி, உடு. ஆடட்டும்,” என்று பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். அவர் பிறந்தது தொப்பம்பட்டிப் பக்கம். மனசு இளகினால்தான் அந்த ஊர்ப் பேச்சு வெளியே வரும். அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, “ரொப்பிட்டு வாரேன்,” என்று வெளியே போனாள். பாட்டில் நிறையத்தான் இருந்தது.

பசை காய்கிறவரை அவர் பிடியை விடவில்லை. உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்துவிட்டு, “தந்தியில வச்சுப் பாரு,” என்றார். வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தகரச் சத்தம் வந்தது. இன்னும் தேய்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. முதல் இசை வயலின்களும் செல்லோக்களும் மட்டும் வாசித்தது. அது முடியும் முன்பே பின் வரிசையிலிருந்து ஒரு குடும்பம் எழுந்து போனதை, திரை ஓரத்தில் நின்று பார்த்தேன். பாட்டு வராது என்று தெரிந்துவிட்டது போல. மற்றவர்கள் கைதட்டினார்கள். எங்களைக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலைச் சின்ன முக்காலியில் ஏற்றிவைத்தேன். மூன்றாவது வரிசையில் அம்மா கைப்பையை மார்போடு கட்டிப் பிடித்திருந்தாள்.

முதல் பகுதி எப்படிப் போயிற்று என்று எனக்கு நினைவில்லை. என் கவனமெல்லாம் அந்த ஒட்டு நகத்தில். ஒவ்வொரு முறை தந்தியைத் தொடும்போதும் இதோ தெறித்துவிடும், இதோ தெறித்துவிடும் என்றே வாசித்தேன். பிறகு ஆர்க்கெஸ்ட்ரா நின்றது. அக்காவின் கை இறங்கியது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவர் தோள் லேசாக உயர்ந்தது. என் மூச்சும் அதோடு போயிற்று. முதல்முறையாகச் சேர்ந்து தொடங்கினோம்.

நகம் தாங்கியது. நான் மீட்டிக்கொண்டிருக்க, அவர் ராகத்தை மெல்ல மேலே கொண்டுபோனார். உச்சிக்குப் போகும் முன் ஒரு திருப்பம் உண்டு. அங்கே அவர் கை நின்றது.

நிறுத்தம் என்றுதான் கேட்பவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், அங்கே நிறுத்தம் கிடையாது. தாள் எதிரிலேயே இருந்தும் அவர் அதைப் பார்க்கவில்லை. கண் எங்கேயோ இருந்தது. நெற்றி முழுக்க வேர்வை. அவருக்கு அடுத்த சுரம் மறந்துவிட்டது. அந்த எட்டு வருடத்தில் அவர் ஒரு சுரத்தை மறந்து நான் பார்த்ததில்லை.

என் பாகத்தில் அடுத்த வரிக்குப் போனால் அவர் தனியே மாட்டிக்கொள்வார். போகவில்லை. வாசித்த நாலு வரியையே மறுபடி சுற்றினேன். அவர் வரவில்லை. இன்னொரு முறை சுற்றினேன். திருப்பத்துக்கு முன் வரும் சுரத்தைக் கட்டை விரலால் கொஞ்சம் அழுத்தி வைத்தேன். மோதிர விரல் கனத்துவிட்டது. இனி ஒரு சுற்று தாங்காது என்று நினைத்தபோது, அவர் என் விரல்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

முடிந்ததும் ஜனம் கைதட்டியது. சிலர் எழுந்தும் நின்றார்கள். கும்பிட்டுவிட்டு வகுப்பறைக்கு வந்தோம். அவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

“ஒண்ணுமே தெரியல,” என்றார். “எல்லாம் அழிஞ்சு போச்சு. எங்க இருக்கேன்னே தெரியல.”

அந்தத் திருப்பத்தில் அவர் எப்போதும் அவசரப்படுவார். ஒத்திகையிலேயே கவனித்திருந்தேன். வாய்வரை வந்தது.

“வெளிய யாருக்கும் தெரியல,” என்றேன்.

“உனக்குத் தெரியுமல்ல.”

“எனக்குத் தெரிஞ்சா என்ன?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசி இசையும் முடிந்து அக்கா உள்ளே வந்தார். “ஏலே, நான் எழுதாத எட்டு வரி எங்கிருந்துடா வந்துச்சு?” என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லாத்தான் இருந்துச்சு. அப்படியே வச்சுக்கிடட்டுமா?” என்றார். சுவரில் சாய்ந்திருந்த அவர் சிரித்துவிட்டார். நானும்.

இதைக் கேட்டவர்கள் சிலர் அதோடு நாங்கள் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மறு வாரம் கோர்ட்டுக்குப் போனோம். நீதிபதி, மனசு மாறவில்லையா என்று இருவரையும் தனித்தனியே கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவரும் அதையே சொன்னார். எங்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு வெறுப்பு இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு மறுபடி போனால், நாலாவது நாளே குளியலறையிலிருந்து குரல் வரும் என்று இருவருக்கும் தெரியும்.

வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். அவர் ஒட்டன்சத்திரம் போய், அங்கிருந்து அப்பாவைப் பார்த்துவிட்டுக் கோவை போவதாகச் சொன்னார். பிறகு, “மதுரையில வாசிக்கக் கேட்டிருக்காங்களாம். அக்கா சொன்னாங்களா?” என்றார்.

“சொன்னாக.”

“நீ வருவியா?”

“நீங்க?”

“நான் வருவேன்.”

“அப்ப நானும் வாரேன்,” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தட்டை வைத்துச் சோறு போட்டாள். கத்திரிக்காய் வெஞ்சனம். பாதி சாப்பிட்டபின், “முடிஞ்சுச்சா?” என்றாள்.

“முடிஞ்சுச்சும்மா. மதுரையில அடுத்து வாசிக்கிறோம்.”

“யாரு?”

“நாங்க ரெண்டு பேருந்தான்.”

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். “உங்களப் பெத்தவுகளுக்குப் பைத்தியம் பிடிச்சிரும்டி,” என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.