அரை டிக்கெட் வாங்கிய கைப்பிள்ளை

மானத்தைக் கப்பலேற்றுவது என்று சொல்வார்கள். நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்வாசிகள். எங்களுக்குக் கப்பல் எதற்கு? போன வாரம் தைப்பூசத்தன்று, பத்துமலைக்குப் போகிற ஸ்பெஷல் ரயிலிலேயே என் மானத்தை ஏற்றிவிட்டான் என் மகன்!

கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். காவடி, கரும்புக் கட்டு, பால்குடம், கைக்குழந்தை... எல்லாம் ஒரே பெட்டியில். எனக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்ததே முருகன் செயல். மடியில் என் சீமந்த புத்திரன் கதிர்வேலு. வயது மூன்றரை.

ரயில் செந்தூலைக்கூடத் தாண்டவில்லை. முந்தானையை இழுத்தான்.

"ம்மா... பாச்சி."

"அப்புறம்டா கண்ணு."

"பாச்சீ..."

இரண்டாவது தடவை கேட்டால் பெட்டி முழுக்கக் கேட்கும். மூன்றாவது தடவை கேட்டால் எஞ்சின் டிரைவருக்கே கேட்கும். எதற்கு வம்பு? முந்தானைக்குள் விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்தா டிக்கெட் செக்கர் வர வேண்டும்? நல்ல மனிதர், நம்மவர்தான். என் வீட்டுக்காரர் நீட்டிய டிக்கெட்டுகளைப் பார்த்தார். அரை டிக்கெட்டைத் தனியாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்குங்க?"

"பையனுக்கு."

"மடியில பால் குடிக்கிற கைப்பிள்ளைக்குப் போயி அரை டிக்கெட்டா? அதுக்கெல்லாம் டிக்கெட் வேணாம்லா! யாருங்க எடுக்கச் சொன்னது?"

என் வீட்டுக்காரர் சரக்கு ஆபீசில் கிளார்க். ரயில்வே சோற்றைத் தின்றுவிட்டு ரயில்வேயை ஏமாற்றக் கூடாது என்பது அவர் கொள்கை. மூன்று வயது முடிந்த மறுநாளிலிருந்து பிள்ளைக்கு அரை டிக்கெட்! அதை விளக்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் என் முந்தானை விலகியது. ஒரு தலை வெளியே வந்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டது.

"நான் கைப்பிள்ளை இல்ல! எனக்கு நாலு நடக்குது!"

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர மறுபடி உள்ளே போய்விட்டான்.

பெட்டியே குலுங்கியது. விரதமிருந்து வாடியிருந்த காவடிக்காரர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செக்கர், "மன்னிச்சிக்குங்க தொரை, தெரியாம சொல்லிட்டேன்" என்று டிக்கெட்டில் ஓட்டை போட்டு நீட்டினார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கை வெளியே வந்து வாங்கிக்கொண்டது.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வாராவாரம் என் புலம்பலைப் படிக்கிற சகோதரிகளில் பாதிப் பேர் இந்நேரம் மோவாயில் கை வைத்திருப்பீர்கள். மூன்றரை வயதுக்கா? இன்னுமா? மீதிப் பாதிப் பேர் பேசாமல் பக்கத்தைத் திருப்புவீர்கள் — உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்!

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

கதிருக்கு ஒன்றரை வயதில் மலேரியாக் காய்ச்சல் வந்தது. கஞ்சி கொடுத்தால் வாந்தி. டின் பால் கொடுத்தால் வாந்தி. மருந்திலும் பாதி வெளியே வந்துவிடும். உள்ளே போய் நின்றது என் பால் ஒன்றுதான். பிள்ளை துணியாகத் துவண்டு கிடந்தான். வாய் மட்டும் என்னை விடவில்லை. சூடு தணிந்து அவன் கண் திறந்த அன்றைக்கு அழுதேன் பாருங்கள், அப்படி ஓர் அழுகை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம். பாலை நிறுத்தினால், எங்கேயோ தெருமுனையில் காத்திருக்கிற காய்ச்சல் நேராக வீட்டுக்குள் வந்துவிடும் என்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பயத்துக்குப் படிப்பறிவு ஏது?

ஊருக்கு இந்தப் பயம் தெரியுமா? ஆளுக்கொரு கெடு வைத்திருக்கிறார்கள். கிளினிக் நர்ஸம்மாவுக்கு ஒன்பது மாதம். "அப்புறம் டின் பாலுக்கு மாத்திடணும்மா." எதிர்க் கம்பத்துக் கிராமத்து மலாய்க்கார மாமிக்கு இரண்டு வருஷம், அது அவர்கள் வேதத்திலேயே இருக்கிறதாம். கிள்ளானில் இருக்கிற என் அண்ணி கெடுவே வைக்கவில்லை. "நிறுத்தாதே! நிறுத்தினா மறுமாசமே அடுத்தது வந்து நிக்கும். என்னைப் பாரு" என்றாள். பார்த்தேன். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று.

பிள்ளை நடக்கும்போது நடக்கட்டும், பேசும்போது பேசட்டும் என்று பொறுமையாக இருக்கிற உலகம், பால் விஷயத்தில் மட்டும் ஏன்தான் காலண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறதோ!

ஆனாலும் என் உடம்பும் ஓய்ந்துதான் போயிருந்தது. அவனும் வளர்கிறான். பாசாரில் மீன் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை நின்றவாக்கில் முந்தானையை இழுத்தால், மீன்காரன் விலையைக் குறைப்பானா, கூட்டுவானா? அதனால் தைரியம் வந்த ஒரு நாளில் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவிடம் யோசனை கேட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் எஞ்சின் டிரைவர். அக்கா ஐந்து பிள்ளைகளை வளர்த்த கை.

"வேப்பிலையை அரைச்சித் தடவு. ஒரு வாய் வச்சான்னா ஓடிடுவான்" என்றார் அக்கா.

வேப்பிலைக்கு எங்கே போவது? கோயில் வரைக்கும் நடக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து மழை. கசப்புதானே வேண்டும்? வீட்டில் மலேரியா மருந்து கொயினா இருக்கிறதே! காய்ச்சல் வந்த பிள்ளை இருக்கிற வீட்டில் அரிசி தீர்ந்தாலும் கொயினா தீராது. எடுத்துக் குழைத்துத் தடவிக்கொண்டு, சூழ்ச்சி செய்த மந்திரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கதிர் வந்தான். வாயை வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகம் கோணியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே மூச்சாக நக்கி விழுங்கினான். அப்புறம் கையை நீட்டினான்.

"சீனி?"

அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. எத்தனை மாதமாக இவனுக்குக் கொயினா கொடுத்திருக்கிறேன்! கொடுத்த கையோடு ஒரு கரண்டி சீனியும் கொடுத்தவள் நானேதான். கசப்பு வந்தால் பின்னாலேயே சீனி வரும் என்று பழகின பிள்ளை எங்கே ஓடுவான்? சீனி கொடுத்தேன். தின்றுவிட்டு, வாய் இனிக்க இனிக்க நிம்மதியாகப் பால் குடித்தான். மறுநாள் அவனே வந்து, "ம்மா, இன்னைக்கு மருந்து தடவலையா?" என்றான்!

எஸ்தர் அக்கா சிரித்த சிரிப்பில் கோழிகள் பறந்தன.

வேறு வழியில்லாமல்தான் பத்துமலையானிடம் முறையிட்டேன். "அப்பனே, பிள்ளைக்கு மொட்டை போடுறேன். அவனும் அழக் கூடாது, காய்ச்சலும் வரக் கூடாது. அவனாவே விடணும். நீதான் பார்த்துக்கணும்."

இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

"போயும் போயும் அவர்கிட்டயா கேக்குற? அவரே கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர்கிட்டக் குடிச்சவரு. 'ஒருத்திதானா? பாவம் பையன்'னு சொல்லப்போறாரு!"

அந்த வேண்டுதலை நிறைவேற்றப் போகிற ரயிலில்தான் என் மானம் ஏறியது.

பத்துமலையில் இறங்கியதும் கதிரைத் தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டான். அரை டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு மரப்படியையும் தானே ஏறினான். இரண்டு இடத்தில் உட்கார்ந்தான்; தூக்கச் சொல்லவில்லை. மொட்டை போடும்போதும் டிக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. திரும்பி வந்து ஸ்டேஷனில் டிக்கெட்டை வாங்கக் கை நீட்டியவரிடம் முஷ்டியைக் காட்டினான். அவன் அப்பா அவர் காதில் ஏதோ சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். வழக்கமான நேரம். கதிர் வந்து மடியில் ஏறினான். சந்தனம் பூசின மொட்டைத் தலை என் மார்பில் பட்டுச் சில்லென்றது. ஒரு கை முந்தானைக்குப் போனது... பாதி வழியில் நின்றது. இன்னொரு கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தான்.

"ம்மா, டிக்கெட் வாங்குனவங்க பாச்சி குடிக்கக் கூடாதுதானே?"

"யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் பார்த்தேன். ரயில்ல டிக்கெட் வச்சிருந்தவங்க யாருமே குடிக்கல. டிக்கெட் இல்லாத பாப்பாங்கதான் குடிச்சாங்க."

அவன் முந்தானைக்குள்ளிருந்து இதையெல்லாமா கவனித்திருக்கிறான்?

குடிடா என்று சொல்லலாம். குடிக்காதே என்றும் சொல்லலாம். இரண்டும் வாயில் வரவில்லை. அவனே முடிவு செய்துகொண்டான். இறங்கிப் போய், அப்பாவின் பக்கத்தில் படுத்து, டிக்கெட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

அவ்வளவுதான். அழவில்லை. காய்ச்சலும் வரவில்லை, தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கேட்ட வரத்தைக் கேட்டபடியே கொடுத்துவிட்டான் முருகன். ஒரு தாய் இதைவிட வேறென்ன கேட்க முடியும்?

ஆனால் என்னைப் பற்றி எதுவும் கேட்க மறந்துவிட்டேனே!

மறுநாள் மார்பு கனத்து வலித்தது. எஸ்தர் அக்கா வந்து, "மல்லிகைப்பூவை வச்சிக் கட்டு, பால் வத்திடும்" என்றார். வீட்டுக்காரரிடம் ஆபீஸ் விட்டு வரும்போது வாங்கிவரச் சொன்னேன். அவர் பந்து மல்லிகை வாங்கி வந்து, கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு ஒன்று சிரித்தார். சற்றுப் பொறுத்து வந்து என் தலையைப் பார்த்தார். தலையில் பூ இல்லை. விஷயத்தைச் சொன்னேன். பாவம், முகம் விழுந்துவிட்டது.

அறைக்குள் உட்கார்ந்து பூவை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மணம் மூக்கில் ஏறியது. காய்ச்சலில் கிடந்தபோது அந்தச் சின்ன வாய் என்னை விடாமல் பிடித்திருந்தது ஞாபகம் வந்தது. எவ்வளவு அவசரமாக நிறுத்தப் பார்த்தேன்! கடைசியாக அவன் குடித்தது அந்த ரயிலில்தான். அது கடைசி என்று தெரிந்திருந்தால், வெட்கப்பட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேனா? கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

கதவோரம் கதிர். எவ்வளவு நேரமாக நின்றானோ. வந்தான். என் கன்னத்தைத் துடைத்தான். கொஞ்சம் யோசித்தான்.

"அழாதம்மா. நாளைக்குக் கொஞ்சம் குடிக்கிறேன்."

நாளைக்கு என்றவன் இன்றுவரை வரவில்லை. சந்தேகமே இல்லை, என் பிள்ளை பெரிய மனிதனாகிவிட்டான் — சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில்லை!