வழியனுப்ப ஒரு வரி

எங்கள் அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் விழாவை நடத்துவது நான்தான். முதலில் தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகை, பிறகு சால்வை, பழக்கூடை, கடைசியாக என் உரை. உரையை எப்போதும் ஒரே பழைய தமிழ்ச் செய்யுள் வரியில் முடிப்பேன். போனவர் ஒருநாள் திரும்பி வருவார் என்கிற வரி. ஓய்வு பெற்றவர் நிஜமாகவே திரும்பி வந்தால் அவருக்கு நாற்காலி இருக்காது என்பது வேறு விஷயம். அலுவலகத்துக் கன்னடக்காரர்களும் கைதட்டுவார்கள், புரியாததால் இன்னும் பலமாக.

முன்னதாக வீட்டில் ஒத்திகை பார்ப்பேன். "போதும்ங்க, எனக்கே மனப்பாடமாயிடுச்சு," என்பாள் மனைவி.

நானும் ஓய்வு பெற்றேன். சென்ற ஆண்டு அவளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. மாதக்கணக்கில் ஒரு சொல் இல்லை. எங்கள் விஜயநகர் வீட்டுக்கு வரும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருநாள் கேட்டார்: "சார், அவங்களுக்கு மனப்பாடமா ஏதாவது தெரியுமா? ஸ்லோகா, பாட்டு? சில பேருக்கு அது மட்டும் வாயில வரும்."

"ஸ்லோகமா? இவளுக்குக் கோயில்னா புளியோதரைதாம்மா," என்றேன். வேறெதுவும் தோன்றாமல் அந்த வரியின் முதல் பாதியைச் சொன்னேன்.

அவள் உதடுகள் அசைந்தன. மறுபாதியைச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. நான் இழுக்கும் இடத்தில் இழுத்து, கைதட்டலுக்காக நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள்.

எனக்குக் கை எழவில்லை.

"சார், நிறுத்தாதீங்க! இன்னொரு தடவை!" என்றார் பயிற்சியாளர்.

சொன்னேன். போகிறவர்களிடமே சொல்லிப் பழகிய அந்த வரியை அன்றுதான் முதன்முறையாக, திரும்பி வருகிற ஒருத்தியிடம் சொன்னேன்.