எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்

எங்கள் தெருவில் ஒரு பெண்ணை அவள் புருஷன் அடித்தபோது, பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். என் சமையலறை ஜன்னலில் நின்று அதைப் பார்த்தேன். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. பொறாமை. வயிற்றில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி ஒரு பொறாமை.

ஆம்பூரில் ஒரே வீட்டில்தான் நான் கல்யாணம் ஆனதிலிருந்து இருக்கிறேன். ஷூ கம்பெனியில் வேலை. தைத்து வருகிற மேல்பாகத்தில் தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிற இடத்தில் இருந்தார். பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்த பிறகுதான் எனக்கு அடி நின்றது. அதன் பிறகு அந்தக் கையையும் நான்தான் துடைத்துவிட்டேன். சோறு ஊட்டினேன். கடைசியில் கல்லறைத் தோட்டம் வரை கூடப் போனேன்.

அடி வாங்கிய அத்தனை வருஷமும் இதே தெருதான், இதே ஆட்கள்தான். பக்கத்து வீட்டுப் பாயம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். என் வீட்டில் சத்தம் ஆரம்பித்தால் அவர்கள் வீட்டு டிவியில் சத்தம் கூடும். தெருக்கோடியில் இருக்கும் டீச்சர் எங்கள் சபைதான். ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவர்களிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் மனம் திரும்ப வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபம் பண்ணினார்கள். பிறகு, "பொறுமையா இரு, அவருக்குக் கோபம் வர்ற மாதிரி எதுவும் பேசாத" என்று அனுப்பிவைத்தார்கள்.

எதிர் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு ஊர் கலவைப் பக்கம். அவள் புருஷன் தோல் ஏற்றுகிற மினி லாரி ஓட்டுகிறவன். குடி வந்த புதிதில் வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போடுவாள். எல்லாரையும் அக்கா அக்கா என்று கூப்பிட்டுத் தானே வந்து பேசுவாள். அந்தக் கோலம் சின்னதாகிக்கொண்டே வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. கை வலித்தால் கோலம் சின்னதாகத்தான் வரும்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம் அங்கே சத்தம் கேட்டது. பாயம்மா வீட்டு டிவி கூடும் என்று காத்திருந்தேன். டிவி நின்றது. பாயம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி, "டீச்சர், வாங்க" என்று கூப்பிட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். அவன் திறந்தான்.

"தயிருக்கு உறை வேணும்பா. உன் பொஞ்சாதிய கூப்பிடு" என்றார்கள் பாயம்மா.

"இப்ப இன்னா உறை? அப்புறம் வாங்க."

"அப்புறம் பால் கெட்டுப் போய்டும். கூப்பிடு, நிக்கிறோம்."

டீச்சர் உப்பு கேட்டார்கள். இன்னொருத்தி தீப்பெட்டி கேட்டாள். அந்தப் பெண் கலைந்த தலையோடு வெளியே வந்ததும் அவளை நடுவில் விட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. சத்தம் வந்தால் போவார்கள், எதையாவது கேட்பார்கள், அவள் வெளியே வரும்வரை நகர மாட்டார்கள். பாயம்மா அவளுக்குக் குருமா கொடுத்தனுப்பினார்கள். டீச்சர் அவளை வேலூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போய், காதில் அடிபட்டதைக் காட்டிவிட்டு வந்தார்கள். சபையில் அவளுக்காக ஜெபித்தார்கள். அவள் கோயிலுக்குப் போகிற பெண், எங்கள் சபையே இல்லை. நான் பின் வரிசையில் தலை குனிந்திருந்தேன். ஜெபம் வரவில்லை. அவளுக்குக் கிடைத்த ஒவ்வொன்றையும் எனக்குக் கிடைக்காததோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குருமா வாசனைகூட என்னைச் சீண்டியது. தெருவில் அவள் சிரித்தால் நான் சிரிக்கவில்லை. அவர்கள் கதவைத் தட்டப் போகும்போது நான் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாயம்மா சொந்தக்காரர் வீட்டுக்குப் பள்ளிகொண்டா போயிருந்தார்கள். டீச்சர் சபையில் பெண்கள் கூட்டத்தில் இருந்தார்கள். நான் சாப்பிட உட்கார்ந்தேன். எதிர் வீட்டில் பாத்திரம் உருண்டது. பிறகு சத்தமே இல்லை. சத்தம் இல்லாதது எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே கேட்கக் கூடாதென்று வாயில் துணியை அடைத்துக்கொள்கிற நேரம் அது.

எனக்கு யார் வந்தார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தக் கேள்வியோடுதான் கை கழுவினேன். அந்தக் கேள்வியோடுதான் தெருவைக் கடந்து போய்க் கதவைத் தட்டினேன்.

அவன் திறந்தான். "உனக்கு இன்னா வேணும்?"

மற்றவர்கள் மாதிரி எதையாவது கேட்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒண்ணும் வேணாம். அவள வெளிய அனுப்பு."

"எங்க ஊட்டு விஷயம். உன் வேலையப் பாத்துனு போ."

"போ மாட்டேன். நீ அடிக்கிறது எனக்குக் கேக்குது. தெருவுக்கே கேக்குது."

என் குரல் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் தெருவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வழிவிட்டான். அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி வந்தாள்.

என் வீட்டில் அவளை உட்காரவைத்து, பிரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்துத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். அதை இடது கையில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு அவள், "அக்கா, உங்களுக்கு என்னப் புடிக்காதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"புடிக்கலதான். பொறாமை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு வீங்கியிருந்தது. "எங்கிட்ட இன்னா இருக்குன்னு பொறாமை?"

"உனக்குக் கதவு தட்றாங்க. எனக்கு யாரும் தட்டல."

அவளுக்கு விஷயம் தெரியாது. அவள் வந்தபோது நான் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, அவ்வளவுதான். அவள் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. துண்டை மடியில் வைத்துவிட்டு, "எங்க அடிப்பாரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. காட்டினேன்.

பாயம்மா திரும்பி வந்ததும், விஷயம் கேள்விப்பட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண் உள்ளே படுத்திருந்தாள். நான் அடக்கிக்கொள்ளவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் வரல? உங்களுக்குக் கேக்கலியா?"

பாயம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள்.

"கேட்டுச்சு. உன் வீட்டுக்காரர்னா பயம். நமக்கு எதுக்கு பேஜார்னு எங்க வீட்ல சொன்னாங்க, நானும் சும்மா இருந்துட்டேன். அப்புறம் எம் பொண்ண கட்டிக் குடுத்த எடத்துல அவளுக்கும் அதே கதி. அடி வாங்கறது சுத்திலும் இருக்கிறவங்களுக்குத் தெரியும். ஒருத்தியும் போய்க் கேக்கல. அவளக் கூட்டிட்டு வர்றப்போ அந்தத் தெருவையே திட்டிட்டு வந்தேன். திட்டும்போதே உன் மூஞ்சி ஞாபகம் வந்துடுச்சு."

நான் சமாதானம் ஆகவில்லை. அவர்கள் மகளுக்கு வந்த பிறகுதான் என் வலி அவர்களுக்கு வலித்தது என்பது இன்னும் கசக்கிறது. அந்த மகளுக்கு, வந்து கூட்டிப்போக அம்மா இருந்தார்கள் என்பதும் கசக்கிறது. ஆனால் பாயம்மா எழுந்து போகவில்லை. சமையலறைக்குப் போய் மூன்று பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் அந்தப் பெண்ணே சொன்னாள்: இனி கதவு தட்டினால் மட்டும் போதாது, ஸ்டேஷனுக்குப் போகணும். மகளிர் காவல் நிலையத்துக்கு அவளோடு நானும் பாயம்மாவும் டீச்சரும் போனோம். அங்கே இருந்த போலீஸ்காரம்மா என்னைப் பார்த்து, "நீங்க அம்மாவா?" என்று கேட்டார்.

"எதிர் வீடு," என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவன் அடிக்கிறதக் காதால கேட்டவ. எங்க வேணா வந்து சொல்றேன்."

புகாரை வாங்கிக்கொண்டார்கள். அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு தரம் சமாதானம் பேச ஆள் அனுப்பினான், அவள் மறுத்துவிட்டாள். கேஸ் நடக்கிறது. இப்போது டீச்சர் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். சூப்பர்வைசரிடம் சொல்லி எங்கள் கம்பெனியிலேயே அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன்.

சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஏறினதும் தூங்கிவிடுவாள். அவள் வயதில் நானும் இதே வழியில்தான் வந்தேன். கண் மூடினதில்லை. வீட்டுக்குப் போனதும் அவர் எந்த முகத்தோடு இருப்பாரோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இவள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். பார்க்கப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது. வளைவில் பஸ் திரும்பும்போது தலை ஜன்னல் கம்பியில் இடிக்கப் போகும். கையை நடுவில் கொடுத்துப் பிடித்துக்கொள்வேன்.

"தூங்கிட்டேனா அக்கா?"

"தூங்கு. இன்னும் ஸ்டாப்பிங் வர்ல."