தென்னை குடித்த கடல் தண்ணீர்

எண்பதுகளில் புதுச்சத்திரத்தில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினேன். வேதாரண்யத்தில் உப்பு ஏற்றி வரும்போதெல்லாம் இரண்டு டிரம் கடல் தண்ணீரும் கொண்டுவருவேன். முதலாளி வீட்டு மேசைமேல் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் வெள்ளை மணல், பவளப் பாறைத் துண்டுகள், வெள்ளைப் பட்டை போட்ட நான்கு ஆரஞ்சு மீன்கள். முதலாளியின் மனைவி காலையில் அவற்றின் முகத்தில்தான் விழிப்பார். எனக்கும் அவற்றின்மேல் உயிர், வெளியே சொன்னதில்லை.

தீனியும் கழிவும் படிந்து மணல் பழுப்பேறி நாற ஆரம்பித்தது.

"ஞாயித்துக்கெழம ஒறம்பர சனமெல்லாம் வாராங்க. அதுக்குள்ள நாத்தம் போகலீன்னா மீனக் கெணத்துல உட்டுருவேன்" என்றார் முதலாளி. நல்ல தண்ணீரில் விட்டால் அவை செத்துப்போகும்.

மணலை அள்ளிக் கழுவினால் தொட்டியே கலங்கிவிடும். லாரிக்காரனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதானே? புது டியூப் வாங்கி, டீசல் இழுப்பதுபோல் வாய்வைத்து உறிஞ்சினேன். வாயெல்லாம் கடல். துப்பிவிட்டு, அந்த முனையைக் கீழே வாளியில் விட்டு, மறுநுனியை மணலில் லேசாகக் குத்தினேன். மணல் டியூபுக்குள் சுழன்று எழும்பியது. அழுக்கு மட்டும் மேலேறி வாளிக்கு ஓட, மணல் பொலபொலவென்று திரும்ப விழுந்தது.

"அய்யோ டிரைவரண்ணா, அரிசி களையறாப்புல இருக்குதுங்க!" என்று முதலாளி வீட்டு அக்கா கைதட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சாண் வெளுத்தது, இன்னொரு சாண் வெளுத்தது. வாளி நிறைய நிறைய அவர் எடுத்துப்போய் வேறு வாளி வைத்தார். நான் நிமிர்ந்தபோது தொட்டியில் முக்கால்வாசித் தண்ணீர் இல்லை. மீன்கள் முதுகு தெரிய நெளிந்தன. டிரம்மும் காலி.

வாளித் தண்ணீரையே வடிகட்டி ஊற்றலாமென்று பின்கட்டுக்கு ஓடினேன். அக்கா அதைத் தென்னைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் தென்னைக்கு உப்பு வைப்பது வழக்கம். தேடி வந்த உப்புத் தண்ணீரை யார் விடுவார்கள்?

பெண்கள் முன் தலை தூக்காத நான் கத்தினேன். "ஊத்தாதீங்கக்கா! மீனு போயிருமுங்க!"

அவர் வாளியை அப்படியே கட்டிக்கொண்டார். "ரெண்டு வாளி மிச்சமிருக்குதுங்கண்ணா!"

என் துண்டை நான்காக மடித்து வடிகட்டி ஊற்றினோம். மீன்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நீந்தின. தொட்டிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று சிரித்தோம்.

முதலாளி வந்து குனிந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார். "மணலு வெளுத்துப்போச்சு. மீதித் தண்ணி எங்கப்பா?"

"தென்ன குடிச்சிருச்சுங்க மாமா" என்றார் அக்கா.

"அப்பொ வண்டிய எடு. லோடு வேண்டாம், தண்ணி கொண்டா."

வெறும் டிரம்கள் உருள உருள ஓட்டினேன். முசிறி டீக்கடையில் என்ன லோடு என்று கேட்டார்கள். "நாலு மீனுக்குத் தண்ணிங்க" என்று கடைக்கே கேட்கும்படி சொன்னேன்.