ரோஜாவை விழுங்கும் அத்தர்

ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோருக்கு வடக்கே இருந்த அந்தக் கித்தா ரப்பர்த் தோட்டத்தில் 1924ஆம் வருஷத்துக் காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, இப்படி நடந்தது. விடியுமுன் தப்பு அடிப்பார்கள். கூலி லயங்களிலிருந்து ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். காய்ச்சலில் நிற்க முடியாதவனைச் சன்னாசிக் கங்காணியின் பிரம்பு நிற்க வைக்கும். கடைசியில் கங்காணியின் கையாள் பத்துமலை ஒரு சின்னக் குப்பியோடு வரிசையில் நடப்பான். கங்காணி கண் காட்டுகிற பெண்ணின் தோளில் ஒரு சொட்டு ரோஜா அத்தர் வைப்பான்.

ஊரில் கல்யாண வாசலில் விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது. சன்னாசி அதை இங்கே வேறு காரியத்துக்கு வைத்திருந்தான். மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கும் இடத்துக்கு வந்து மூக்கை உறிஞ்சுவான்.

“அடடா, ரோசாத் தோட்டத்துக்குள்ள வந்துட்டனா, இல்ல ரப்பர் தோட்டத்துக்குள்ளயா?”

எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரிக்காதவனுக்கு மறுநாள் மலைச்சரிவில் வேலை. வாசம் வருகிற பெண் வாளியை வைத்துவிட்டு அவன் பின்னால் நடக்க வேண்டும். முரண்டு பிடித்த ஒருத்தியின் முன்பல் இரண்டும் தராசு மேடையிலேயே விழுந்தன. சிரிப்பு அன்றைக்கும் நடந்தது.

ஒரு சனிக்கிழமை அந்தச் சொட்டு நவமணியின் தோளில் விழுந்தது.

நவமணி புகைக்கூண்டில் வேலை செய்தவள். ரப்பர் தகடுகளை மூங்கிலில் தொங்கவிட்டு, அடியில் விறகு போட்டுப் புகை மூட்டுகிற இருட்டு அறை அது. வயது முப்பதுக்குள். புருஷன் பிச்சைமுத்து மேல் மரம் சாய்ந்து, அடையாளம் தெரியாத உடம்பாகத்தான் வீட்டுக்கு வந்தான். அதிலிருந்து பூ இல்லை, மஞ்சள் இல்லை. ரோஜா பட்டதும் அவள் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பாலை உறைய வைக்கிற திராவகத்தை எடுத்து ஊற்றினாள். தோல் வெந்து உரிந்தது. வாசம் ரவிக்கையிலேயே இருந்தது.

அன்று துரை கங்காணியைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். போகிற போக்கில் சன்னாசி சொன்னான்: “திங்கக்கிழம எங்கடி போவே?”

ஞாயிற்றுக்கிழமை அவள் ஈப்போவுக்குப் போனாள். கிந்தா ஆற்றோரம் மதார் சாகிப்பின் அத்தர்க்கடை.

“பாய், ரோசா வாசத்தைக் கொல்ற வாசம் ஏதும் இருக்கா?”

வாங்க வருகிறவர்களின் எத்தனையோ கேள்விகள் மதார் சாகிப் காதில் விழுந்ததுண்டு. இது புதிது. “ரோசா உனக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?”

அவள் தோளைக் காட்டினாள். வெந்த இடம் பச்சைப் புண்ணாக இருந்தது. பெரட்டு, குப்பி, தராசு மேடை எல்லாவற்றையும் சொன்னாள்.

“சன்னாசியா? பொண்டாட்டிக்குன்னு எங்கிட்டதான் வாங்கிட்டுப் போறான்லா!”

“பொண்டாட்டி ஊர்ல இருக்கா பாய். இங்க எங்க தோள்லதான் பூசுறான்.”

மதார் சாகிப்புக்கு முகம் கறுத்தது. பிறகு மூக்கு விடைத்தது. “தங்கச்சி, உன் தலத்துணியில என்ன வாசம்?”

“புகைக்கூண்டுப் பிசினு. செவத்துல கறுப்பா வழியும். என்ன தேய்ச்சாலும் போகாது.”

“போகாதுல்ல? குடு அத.”

துணியில் ஒட்டியிருந்த கறுப்பைச் சுரண்டிச் சந்தன எண்ணெயில் போட்டு இளஞ்சூட்டில் கரைத்தார். வெறும் புகை ரோஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். ரோஜாவை உள்ளே இழுக்க வேறு ஆள் வேண்டும் என்றார். அகில் எண்ணெய் சேர்த்தார். வெட்டிவேர் சேர்த்தார். கடைசியாக ஊசி முனையில் புனுகு. ஒரு துணியில் ரோஜாவை நனைத்து, மேலே இதைத் தடவி, மோந்து பார்த்துத் தும்மினார். ரோஜா இல்லை.

முதலில் எரிந்துபோன வீட்டின் வாசம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது ஈரமரமாக, மழையில் நனைந்த தோல்வாராக மாறியது. அதற்கும் அடியில், வேலை முடித்த உடம்பின் கழுத்தடியில் இருக்கிற மெல்லிய இனிப்பு.

“இதப் பூசிக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனா, மாப்பிள்ள மணவறையிலேருந்து குதிச்சு ஓடிடுவான்லா.”

“ஓடட்டும் பாய்.”

திரும்பும் வழியிலேயே அவள் கழுத்திலும் மணிக்கட்டிலும் தடவிக்கொண்டாள். தாலி அறுத்தவளுக்கு அத்தர் எதற்கு என்று எவளும் கேட்க முடியாது. இந்த வாசத்தை அத்தர் என்று யாரும் நம்பமாட்டார்கள். செமோர் போய்ச் சேரும் வரை மணிக்கட்டை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பத்துமலை மறுபடி அவள் தோளில் ரோஜா வைத்தான். அவள் அதன் மேல் தன் குப்பியைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் தகடுகளைக் கொடுக்கத் தராசு மேடைக்கு வந்தபோது சன்னாசி மூக்கை உறிஞ்சினான். மறுபடி உறிஞ்சினான். அவளைச் சுற்றி ஒரு சுற்று வந்து, நாயைப் போலக் குனிந்து மோந்தான். புகையடித்து இருமல் வந்தது.

வரிசையில் செல்லாயி என்ற பால்வெட்டுக்காரி நின்றிருந்தாள். முன்பல் போனவள் அவள்தான். “கங்காணிக்குச் சளி புடிச்சிருச்சு போல,” என்றாள்.

சிரிப்பு வெடித்தது. அந்த மேடையில் யாரும் மிரட்டாமல் தானாக வந்த முதல் சிரிப்பு.

சன்னாசிக்கு ஒன்றுதான் தோன்றியது: பத்துமலை அத்தரை விற்றுத் தின்றுவிட்டுக் குப்பியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். பெண்களுக்குப் புத்தி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

“திருட்டு நாயே!” பிரம்பு பத்துமலையின் காதில் இறங்கியது.

“நான் வச்சேன் கங்காணி! ஆத்தா சத்தியமா வச்சேன்!”

பிரம்பு பிளந்தது. வாளி சுமக்கும் காண்டாக் கம்பை எடுத்தான். பத்துமலையின் காது கிழிந்து தொங்கியது. அந்தப் பக்கம் அவனுக்கு ஆயுசுக்கும் கேட்கவில்லை. அவன் மடியிலிருந்து குப்பியைப் பிடுங்கி மூடியைத் திறந்தான் சன்னாசி. உள்ளே சுத்தமான ரோஜா.

அப்போதுதான் அவன் நவமணியைப் பார்த்தான்.

மொத்தத்தையும் அவள் தலையில் ஊற்ற வந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். குப்பி அவன் நெஞ்சிலேயே கவிழ்ந்து சட்டை, கை, மீசை எல்லாம் நனைந்தது. கம்பு அவளுடைய இடது கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வரிசைக்கே கேட்டது. அவள் ஓடிப் புகைக்கூண்டுக்குள் நுழைந்தாள். அவன் பின்னால் போய்க் கதவைச் சாத்தினான்.

அந்த அறையில் பகலிலும் கண் தெரியாது. தொங்கும் தகடுகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் நவமணி. எது சுவர், எது அவள் என்று மூக்குக்குத் தெரியாது. சன்னாசி கம்பை வீசிக்கொண்டே வந்தான். தகடுகள் கிழிந்து விழுந்தன.

“எங்கடி இருக்கே? வா வெளிய! தோல உரிச்சுத் தகடு போடறேன்!”

அவன் பேசியிருக்கவே வேண்டாம். புகைக்குள் ஒரு ரோஜா நடந்து வந்தது. இடது பக்கம் வந்தது, நின்றது, திரும்பியது. அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் அவள் நல்ல கையால் விறகுக் கட்டையை எடுத்து முட்டி உயரத்தில் வீசினாள். அவன் அலறி விழுந்தான். வாசம் தரைக்கு இறங்கியது. அவள் அங்கேயும் அடித்தாள். கம்பு பிடித்த அவன் கை ஓயும் வரை அடித்தாள்.

கதவைத் திறந்தது செல்லாயி. சன்னாசியைப் பலகையில் தூக்கிக்கொண்டு போனார்கள். வலது முட்டி மாவாகியிருந்தது, விரல்கள் நாலு பக்கம் நின்றன.

மறுநாள் துரை பெரட்டுக்கே வந்தார். நடந்ததைத் தராசு மேடையில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கிராணி விசாரித்துச் சொன்னார்: “விட்டம் சரிஞ்சு விழுந்துச்சுன்னு கங்காணியே சொல்றார்.”

பெண்கள் நவமணியை மறைத்து நின்றார்கள். பேசாமல் இருந்தால் அவள் தப்பித்துவிடலாம். ஆனால் விட்டம் விழுந்தவன் கால் ஆறினால் திரும்பி வருவான். வேறு குப்பி வாங்குவான்.

முறிந்த கையைத் துணியில் கட்டியபடி முன்னால் வந்தாள்.

“விட்டம் விழல. நான்தான் அடிச்சேன். விறகுக் கட்டையால, தாலி அறுத்த பொம்பள நான், அவனக் கீழ போட்டு அடிச்சேன். வேணும்னா போய்க் கேளுங்க.”

கிராணி அதை இங்கிலீஷில் சொல்வதற்குள் வரிசை சிரித்துவிட்டது. ஒற்றைக் காதில் கட்டுப்போட்ட பத்துமலையும் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஆஸ்பத்திரி வரை போனது. அதற்குப் பிறகு சன்னாசி எந்தப் பெரட்டின் முன்னும் நிற்க முடியவில்லை; கால் கூடியதும் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டான். நவமணியைச் செமோர் போலீஸ் கொண்டுபோனது. சிறையிலும் அடி வாங்கினாள். வெளியே வந்தபோது இடது கை கோணலாகக் கூடியிருந்தது.

அவள் ஈப்போவில் ஒரு சீனரின் சுண்ணாம்புக் காளவாயில் நெருப்புப் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். மதார் சாகிப் அந்தக் கறுப்பு அத்தரை விடாமல் காய்ச்சினார். கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் மல்லிகை வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வாங்கியவர்கள் வேறு ஆட்கள். வாசனை பூசிய சவாரிக்காரர்களை நாளெல்லாம் இழுத்து அலுத்த ஒரு ரிக்‌ஷாக்காரன். கள்ளுக்கடையில் சண்டை விலக்கும் ஒரு பயில்வான். புருஷனை விட்டு வந்து இட்டிலி விற்ற ஒருத்தி. அவள் அதைக் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு ராணி மாதிரி நடந்தாள்.

ஒருநாள் நவமணி கடையில் இருந்தபோது ஆயர் தாவார்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கன்னத்தில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. கறுப்புக் குப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதப் பூசுனா கிட்ட வரமாட்டானா அக்கா?”

“வருவான்,” என்றாள் நவமணி. “நீ எங்க நிக்கறேன்னு தெரியாது, அவ்வளவுதான். அடிக்கிறத நீதான் அடிக்கணும்.”

அந்தப் பெண் குப்பியைத் திறந்து மோந்தாள். முகம் சுளித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தாள்.

“இன்னும் பெரிய குப்பி இருக்கா பாய்?” என்று கேட்டாள்.