ஒன்பதாம் நம்பர் குப்பி

1. ஈ வளர்த்த கதை

லேபில் சேர்ந்த முதல் நாள், சுந்தரம் சார் ஒரு பால் பாட்டிலை என் கையில் கொடுத்து, “இதில் ஆண் எது, பெண் எது, சொல்லு பார்க்கலாம்” என்றார். உள்ளே நூறு பழ ஈயாவது சுற்றிக்கொண்டிருந்தது. “ஈயில போயி இன்னா சார் ஆம்பள, பொம்பள?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு அப்போதே வாய் நீளம். இப்போதும் குறைந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் நடுவில், ராயபுரத்தில் ஒரு காலேஜின் ஜுவாலஜி லேப் அது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்திருந்தேன். “ஈ ஓட்டறதுக்கு ஒரு உத்தியோகமா மேரி?” என்று அப்பா தினமும் கேலி செய்வார்.

ஓட்டுகிற வேலை இல்லை, வளர்க்கிற வேலை. ரவை, வெல்லம், கடல்பாசி மூன்றையும் கஞ்சியாகக் காய்ச்சி பாட்டிலில் ஊற்றி, ஆறியதும் ஈஸ்ட் தூவிப் பஞ்சு அடைக்க வேண்டும். எறும்பு ஏறாமலிருக்க மேசைக் கால் நான்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். வெயில் ஏறினால் ஆண் ஈ தானாகவே மலடாகிவிடும் என்பதால், பாட்டில்களை ஈரமணல் தொட்டியில் வைத்து நனைத்த கோணியால் மூடி வைப்போம்.

சாருடைய கேள்வி ஒன்றுதான்: எக்ஸ்ரே பட்ட ஆண் ஈக்கு வாரிசு உண்டா? அதனால் ஆணுக்கு மட்டும்தான் ரே. பெண்ணை அந்த ரூம் பக்கமே கொண்டுபோக மாட்டோம். பிறகு குப்பிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று சேர்த்துவிடுவோம். குப்பியின் அடியில் கரித்தூள் கலந்த கடல்பாசி இருக்கும். கறுப்புத் தரையில் முட்டை வெள்ளையாகத் தெரியும். முட்டையை எண்ணி, எத்தனை பொரிந்தது என்று மறுநாள் எண்ண வேண்டும். அந்தப் பெண்களின் கூடப்பிறந்த பெண்களையே ரே படாத ஆண்களோடு விட்டு இன்னொரு வரிசையும் வைப்போம். அதற்கு ‘சும்மா வரிசை’ என்று பெயர்.

ஒரு விஷயத்தில் சார் படு கறார். பெண் ஈ கன்னியாக இருக்க வேண்டும். கூட்டைவிட்டு வந்து ஏழெட்டு மணி நேரம் போனால் அது பாட்டிலில் உள்ள ஏதோ ஓர் ஆணோடு சேர்ந்துவிடும். ஒரு தடவை சேர்ந்தால் போதும், அந்த விந்தை வைத்துக்கொண்டே நாள்கணக்கில் முட்டையிடும். ஆகவே காலை ஆறு மணிக்குப் பாட்டிலில் பறக்கும் ஈக்களையெல்லாம் காலி செய்து, பொரியாத கூடுகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும். பதினொரு மணிக்குள், புதிதாக வெளிவந்த பெண்களைப் பிரித்தெடுத்து, எடுத்த நேரத்தை நோட்டில் எழுத வேண்டும்.

2. மாணிக்கத்தின் ரூம்

பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ஆபரேட்டர் மாணிக்கம், வியாசர்பாடிக்காரர். ஆண் ஈக்களை மருந்து அடைக்கிற கேப்சூலில் போட்டு நான் கொண்டுபோவேன். சார் எழுதிக் கொடுத்த அளவுக்கு அவர் ரே கொடுப்பார். ஈயத்தகடு வைத்த ஏப்ரன் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். “அத்த மாட்டிக்கினா வேர்த்து ஊத்துது மேரி” என்பார். ஆடாமல் படுக்கத் தெரியாத குழந்தைகளை, மெஷின் ஓடும்போது தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி நிற்காதே என்று யாரும் அவருக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

தான் ரே கொடுத்த ஈ என்னவாயிற்று என்று பார்க்க, டியூட்டி முடிந்ததும் லேபுக்கு வருவார். முதல் செட் எண்ணிய அன்றும் வந்தார். சும்மா வரிசையில் அநேகமாக எல்லா முட்டையும் பொரிந்து, புழு நெளிந்துகொண்டிருந்தது. ரே வரிசையில் முட்டைகள் கிடந்த இடத்திலேயே கிடந்து பழுப்பேறிவிட்டிருந்தன.

“பொட்டைக்கும் ரே குட்த்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே. ஆம்பளைக்கு மட்டுந்தான்.”

“முட்ட உட்டுக்கீதே?”

“பொட்ட பாட்டுக்கு முட்ட உட்டுச்சுண்ணே. ஆம்பள வெதையிலதான் பழுது.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். 

“எனுக்குக் கண்ணாலம் ஆயி ஏழு வருஷம் ஆவுது மேரி. கண்ணம்மாவ மலடி மலடின்னு எங்கம்மா கரிச்சிக் கொட்டிக்கினு கீது. அவள சடையங்குப்பத்துல அவ அம்மா வூட்டாண்ட வுட்டுட்டு, எனுக்கு வேற பொண்ணு கட்டணுமாம். பொண்ணுகூட பாத்தாச்சு.”

“நீ இன்னா சொன்னே?”

“தப்பு அவ மேலதான்னு நானும் நெனச்சிக்கினு இருந்தேன்.”

அன்று வீட்டுக்குப் போய், “கொஞ்சம் பொறும்மா” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

3. கொருக்குப்பேட்டை கேட்

அடுத்த வாரம் இரண்டாவது செட். காலை ஆறு மணிக்குப் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, வழக்கம்போல் கொருக்குப்பேட்டை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினேன். ரயில்வே கேட்டில், ஹார்பரிலிருந்து வந்த கூட்ஸ் குறுக்கே நின்றுவிட்டது. ஆண்களெல்லாம் வண்டிக்கு அடியில் புகுந்து போனார்கள். புடவையோடு நான் எங்கே புகுவது? நான் லேபுக்குள் கால் வைத்தபோது மணி இரண்டு.

அந்தப் பாட்டிலைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறிந்தால் அந்தச் செட் தள்ளிப்போகும், சார் முகம் கொடுக்க மாட்டார். புதிதாக வெளிவந்த ஈ நிறம் ஏறாமல் வெளுத்திருக்கும்; அப்படி வெளுப்பாக இருந்த பெண்களையெல்லாம் கன்னி என்று எடுத்துக் குப்பிகளில் போட்டேன். நோட்டில் நேரம் ‘பதினொன்று’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு உறுத்தக்கூட இல்லை, அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரே வரிசையில் ஒன்பதாம் நம்பர் குப்பியில் மட்டும் புழு நெளிந்தது. சார் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இந்த ஆண் எப்படித் தப்பியது?” என்று அதற்கென்று புதுப் பக்கமே தொடங்கிவிட்டார். எனக்குக் காரணம் தெரியும். பாட்டிலிலேயே சேர்ந்துவிட்ட பெண் அது.

சாயங்காலம் மாணிக்கம் வந்தார். “பாரு மேரி! இம்மாம் ரேயத் துன்னுட்டு ஜோரா புள்ள பெத்துக்கீது! ஆம்பள மேல தப்பில்ல.”

“ஒண்ணே ஒண்ணுதானேண்ணே…”

“அந்த ஒண்ணு நானா இருக்கக் கூடாதா? ஞாயித்துக்கெழம கண்ணம்மாவ சடையங்குப்பத்துல வுட்டுட்டு வந்துர்றேன். அம்மாவுக்கும் நிம்மதி.”

விசில் அடித்துக்கொண்டே போனார். அன்று வியாழக்கிழமை.

4. ஒரே கோடு

முகம் தெரியாத ஒருத்தியை நான் எழுதிய ஒரு பொய் வீட்டைவிட்டு அனுப்பப் போகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே பாவம் என்னுடையது. வெள்ளிக்கிழமை காலை சாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. நோட்டை என் பக்கம் திருப்பி, “அழிக்காதே. ஒரே கோடு போட்டு அடி. பக்கத்தில் சரியான நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடு” என்றார். அடித்தேன், எழுதினேன். அந்தச் செட் முழுவதையும் அவர் தள்ளிவிட்டார். “எல்லாம் போச்சு” என்று மட்டும் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

பிறகு மாணிக்கத்தைக் கூப்பிட்டு, அவர் எதிரில் என்னையே சொல்லச் சொன்னார். மாணிக்கம் பாய்ந்துவிட்டார்.

“உன் கேட்டு, உன் ரயிலு, உன் பேஜாரு! என் பொண்டாட்டி மூட்ட கட்டி வச்சிக்கினு அழுதுக்கினு கீறா. இப்ப வந்து சொல்றியா?”

“மாணிக்கம், இங்கே பாருப்பா” என்றார் சார். “அந்த ஈக்குக் கொடுத்த அளவை மனுஷனுக்குக் கொடுத்தால் உயிரே போய்விடும். ஒன்பதாம் நம்பர் பெற்றாலும் பெறாவிட்டாலும், உன்னைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உன்னைப் பற்றித் தெரியணும்னா டாக்டர் உன்னைத்தான் பார்க்கணும்.”

“என்னியா? பொம்பளயதான சார் டெஸ்ட் பண்ணுவாங்க?”

குற்றவாளி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய இடம் அது. என் வாய் கேட்டால்தானே! “ஏழு வருஷமா அக்காவ எத்தினி டாக்டருகிட்ட, எத்தினி கோயிலுக்கு இட்டுக்கினு போனே? உன்ன எத்தினி வாட்டி பாத்தாங்க?”

மாணிக்கம் விடுவிடுவென்று வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை யாரும் சடையங்குப்பம் போகவில்லை.

சில வாரம் கழித்து ஆஸ்பத்திரி டாக்டர் மாணிக்கத்தின் விந்தை இரண்டு தடவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். விதையே இல்லாத மாதிரிதான் இருந்தது. ரேயினாலா, பிறவியிலேயே அப்படியா என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மாணிக்கம் அதைத் தன் வாயாலேயே அம்மாவிடம் சொன்னார். அந்தக் காலத்தில் ஓர் ஆண் அப்படிச் சொல்வது லேசான காரியமில்லை. பெண் பார்த்த வீட்டுக்கும் ஆள் அனுப்பி வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு, வேர்த்து ஊற்றினாலும் ஏப்ரன் இல்லாமல் அவரை அந்த ரூமில் நான் பார்த்ததில்லை.

5. கண்ணம்மா வந்தாள்

ஒரு நாள் மத்தியானம் லேப் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். “நான் மாணிக்கம் சம்சாரம். அந்த ஈயக் கொஞ்சம் காட்டும்மா” என்றாள்.

அப்போது மூன்றாவது செட் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு கன்னியையும் நேரத்துக்குப் பிடித்திருந்தேன். ரே வரிசையில் ஒரு குப்பியை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். பழுப்பேறிய முட்டைகளையும், மேலே பஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் ஈயையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சும்மா வரிசையில் ஒன்றைக் காட்டினேன்.

“இது அதுக்குக் கூடப்பொறந்ததுக்கா. ஒரே பாட்டில். இதோட ஆம்பளைக்கு ரே படல. அதான் பொரிஞ்சிக்கீது.”

அவள் மறுபடி முதல் குப்பிக்கே போனாள்.

“இத்த யாரும் தாய் வூட்டுக்கு அனுப்பலியே?” என்று கேட்டாள்.

“இல்லக்கா” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளே, நேரம் பிந்தினால் பிந்திய நேரத்தையே எழுதுங்கள். திட்டு ஒரு நாளில் போய்விடும். நீங்கள் எழுதும் எண் எந்த வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது.

அவள் போன பிறகு அன்றைய கணக்கை எழுதினேன். இரண்டு வரிசையையும் எழுதிவிட்டு, காலியாகவே கிடக்கும் குறிப்புக் கட்டத்தில் ‘பெண்களிடம் குறை இல்லை’ என்று சேர்த்தேன். சாயங்காலம் சார் நோட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். அதை அடிக்கவில்லை, கீழே கையெழுத்துப் போட்டார்.