மாமனார் குடையின் ஏழு கணு

தெருவார் அவருக்கு இட்ட பெயர் கணுவார். பெற்றோர் இட்ட பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் உயிர் வாழ்ந்தது. மூங்கிலைக் கண்டால், அது ஏணியாயினும் கொடிக்கம்பாயினும் கட்டட வேலைக்குக் கட்டிய சாரமாயினும், நின்று கணு எண்ணாமல் அவரால் கடந்து செல்ல இயலாது. ஒருமுறை சாரத்தின் உச்சியில் நின்ற கொத்தனார், கீழே ஒருவர் விரல் நீட்டி எண்ணுவதைக் கண்டு, நகராட்சி ஆள் வந்துவிட்டார் என்று பதறி இறங்கியே வந்துவிட்டார்.

கணுவார் சுங்கான் என்னும் புகைக்குழாய் செய்பவர். புகையிலை அடைக்கும் கிண்ணத்தைப் பிரையர் என்னும் புதரின் வேர்க்கட்டையில் கடைவார். வாயில் கவ்வும் முனையைக் எபோனைட் என்னும் கெட்டிக் கறுப்பு ரப்பரில் அராவுவார். இரண்டையும் இணைக்கும் தண்டு மட்டும் மூங்கில். அதிலும் மண்ணுக்கு மேல் வளரும் கழி ஆகாது. மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டில்தான் கணுக்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். குறள் வெண்பாவுக்கு ஏழு சீர் எப்படியோ, நல்ல தண்டுக்கு ஏழு கணு அப்படி என்பது அவர் துணிபு. இத்தனை பேசுகிறவர் ஒரு நாளும் புகைத்ததில்லை. புகை நாற்றம் பட்டால் அடுக்கடுக்காய்த் தும்முவார்.

இத்தொழிலுக்கு வருமுன் இருபது ஆண்டுகள் பல் மருத்துவர் ஒருவருக்குப் பல்செட்டு செய்து கொடுத்தார். அந்நாளில் அவர் செய்தவற்றுள் தலையாயது மாமனாரின் பல்செட்டு. அதற்கு வார்த்த சுண்ண அச்சு இன்றும் அவர் பட்டறை மேசையில் ஈ என்று இளித்துக்கொண்டிருக்கும். சுங்கானின் முனையை அராவி முடித்ததும் அதன் பற்களுக்கிடையில் செருகித்தான் பொருத்தம் பார்ப்பார்.

மாமனார் ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல் இன்ஸ்பெக்டர். வீடு அவருடையது, பட்டறையாகிய பின்னறையும் அவருடையதே. அந்த அறைமேல் அவருக்கு ஒரு கண். உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கி நடைவழியில் நிறுத்தியிருந்தார். அதன் மிதிகட்டையில் முழங்கால் இடித்துக்கொள்ளாதவர் அவ்வீட்டில் எவரும் இலர்.

"மாப்பிள்ளை, அந்த ரூம்லேர்ந்து ரெண்டு வருஷமா மூங்கில் தூளும் தும்மலும்தான் வெளிய வருது. ஒரு சுங்கானாவது வெளிய போச்சா?"

"நாலு போச்சு மாமா."

"மூணு திரும்பி வந்துச்சே."

"ரெண்டுதான் மாமா திரும்பி வந்துச்சு. ஒண்ணு தபால்ல தொலைஞ்சு போச்சு."

"சரி, கேட்டுக்குங்க. வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு விக்கணும். இல்லேன்னா சைக்கிள் உள்ள, நீங்க வெளிய."

கணுவார் அஞ்சவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், தண்டில் ஏழு கணு, ஒன்றுகூடக் குறையலாகாது என்று சொல்லி ஒரு சுங்கானுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை நண்பகலில், கைவசமிருந்த ஒரே ஏழு கணுத் தண்டில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, ஆறு கணுவரை வெண்ணெயாய் வழிவிட்ட மூங்கில், ஏழாவதில் பட்டென்று நெடுகப் பிளந்தது. பிளந்த தண்டை மேசைமேல் வைத்தார். சுண்ண அச்சு மட்டும் இளித்தது.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தவர் கண்ணில், சுவர்மூலையில் சாய்ந்திருந்த மாமனாரின் குடை பட்டது. பதினோராண்டுகளாய்க் கண்டும் காணாத குடை. அதன் கைப்பிடி மூங்கில் வேர்த்தண்டு. அவர் அதை அடிமுதல் முடிவரை, புலவர் பாட்டுடைத் தலைவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு! உள்ளறையில் மாமனாரின் குறட்டை சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கைப்பிடியைக் கொஞ்சமும் தயங்காமல் அறுத்தெடுத்தார். பின்னாளில் அவரை மிகவும் வருத்தியது அதுதான்.

கழித்துப் போட்ட ஐந்து கணுத் தண்டு ஒன்றைத் தேயிலைச் சாறு பூசி, மெழுகு தேய்த்து, குடைக்குப் புதுக் கைப்பிடியாக்கினார். பழைய கைப்பிடியின் கீழிருந்து இரண்டாம் கணுவில் ஒரு ரப்பர் பேண்டு இறுகிக் கிடந்தது. எதற்கென்று தெரியாவிடினும், திருட்டிலும் ஒரு நேர்மை வேண்டுமே என்று, அதைப் புதியதிலும் இரண்டாம் கணுவிலேயே மாட்டினார்.

வியாழனன்று சுங்கான் நிறைவுற்றது. மனைவி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, இந்த மூங்கிலை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

"மூங்கில் எல்லாம் ஒரே ஜாடைதான்."

"இது எங்கப்பா ஜாடையால்ல இருக்கு!"

கணுவாருக்கு அடுக்குத் தும்மல் வந்தது. அன்று யாரும் புகைக்கவில்லை.

மறுநாள் வெள்ளி. மாலை ஐந்து மணிக்கு மாமனார் குடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தரதரவென்று இழுத்தபடி பட்டறை வாயிலில் வந்து நின்றார்.

"காலி பண்ணுங்க மாப்பிள்ளை. கெடு முடிஞ்சு போச்சு."

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்களே மாமா?"

"இன்னைக்கு என்ன கிழமைங்கறீங்க?"

"வெள்ளி."

"ஞாயிறு!"

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். "வெள்ளிதான்ப்பா. பேப்பரைப் பாருங்க."

"முந்தாநாள் பேப்பரைப் போட்டுட்டுப் போயிருப்பான்."

"எதிர்வீட்டுப் பசங்க யூனிஃபார்ம்ல வராங்களே?"

"ஸ்பெஷல் கிளாஸ்!" மாமனார் குடையைக் கழற்றி நீட்டினார். "ஊர் ஆயிரம் சொல்லும். இது பொய் சொல்லாது. ரிட்டையர் ஆன நாள்லேர்ந்து காலைல பல்லை மாட்டினதும் இந்த ரப்பர் பேண்டை ஒரு கணு மேல தள்ளுவேன். அடிக்கணு ஞாயிறு, நுனிக்கணு சனி. நுனி முடிஞ்சா திரும்ப அடி. பதினோரு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல. இப்ப எங்க நிக்குது, நீங்களே சொல்லுங்க?"

ரப்பர் பேண்டு அடிக்கணுவில் நின்றது.

கணுவார் மனத்துள் எண்ணினார். திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, புதன் நான்கு, வியாழன் ஐந்து. அதற்குமேல் கணு இல்லை. வாய் திறந்தால் திருடன். மூடியிருந்தால் இந்தக் கணமே அறை போயிற்று. அதனினும் பெரிதாக இன்னொன்று உறைத்தது: ஐந்து நாளில் வாரம் முடிந்தால் இவருக்குப் பென்ஷன் நாள் என்றைக்கு வரும்? நாற்பது ஆண்டுகள் ரயில்களை நேரம் தவறாமல் விட்ட மனிதரின் வாரத்தை அல்லவா அறுத்துவிட்டோம்!

மேசை இழுப்பறையைத் திறந்து சுங்கானை எடுத்து இரு கைகளாலும் நீட்டினார்.

"மன்னிச்சிடுங்க மாமா. உங்க வெள்ளியும் சனியும் இதுல இருக்கு."

மாமனார் சுங்கானைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், கட்டைவிரலால் இரண்டையும் தடவி எண்ணினார். முகம் சிவப்புச் சிக்னல் ஆயிற்று. அருகில் வைத்துப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியை மாட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கையில் குடை, மறு கையில் சுங்கான். குடையை மகளிடம் தந்தார். சுங்கானை வாயில் கவ்விக்கொண்டார்.

'டக்' என்று ஒரு சத்தம். அவர் பல்லச்சில் பொருத்தம் பார்த்த முனையல்லவா? பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் அமர்ந்துகொண்டது.

பிறகு திட்டத் தொடங்கினார். நீண்ட நேரம் திட்டினார். ஆனால் "ம்ம்ஹூம், ம்ஹ்ம்ம்" என்பதற்கு மேல் எதுவும் வெளிவரவில்லை. சுங்கானை எடுத்துவிட்டுத் திட்டலாம் என்று அவருக்கும் தோன்றியிருக்கும், ஆனால் எடுக்கவில்லை. சுவர்க் கண்ணாடியில் தம் முகத்தை ஒருக்கணித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிக்னல் இன்ஸ்பெக்டர் மாதிரியா இருக்கேன்?" என்று பல்லிடுக்கால் கேட்டார்.

"ரயில்வே மந்திரி மாதிரி இருக்கீங்கப்பா," என்றாள் மகள். விடாமல், "நீங்க எடுத்துக்கிட்டா ஒண்ணு வித்ததாத்தானே கணக்கு? ரூமை அவருக்கு விட்டுடுங்க," என்றாள்.

மாமனார் யோசித்தார். மகளிடம் ரப்பர் பேண்டைக் கழற்றச் சொல்லி, சுங்கான் தண்டின் ஆறாம் கணுவில் மாட்டினார். வெள்ளி வெள்ளியாயிற்று. சைக்கிள் நடைவழிக்கே திரும்பிற்று. திரும்பும்போது கணுவாரின் முழங்காலை ஒருமுறை இடித்துவிட்டே போயிற்று.

ஊருக்கெல்லாம் ஞாயிறான நாளில், பத்து மணிக்கு நீதிபதி கைத்தடி ஊன்றி வந்தார். கதவைத் திறந்த மாமனாரின் வாயில், நெருப்பறியாத தம் சுங்கான் அடிக்கணு ரப்பர் பேண்டோடு விளங்கக் கண்டு திகைத்தார். கணுவார் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் ஐயா."

"திருட்டுச் சொத்து உரியவர் கைக்கே போயாச்சு."

"வாய்க்கு," என்றார் மாமனார் பல்லிடுக்கால்.

"அப்ப எனக்கு இன்னொண்ணு செய்யுங்க. ஒரு மாசம் வாய்தா தர்றேன். ஏழு கணுவுக்கு எங்க போவீங்களோ, அது உங்க பாடு."

கணுவாரின் பார்வை நீதிபதியின் கைத்தடியில் ஊன்றி நின்றது. பழுத்த மூங்கில். உதடுகள் மெல்ல அசைந்தன. நான்கு, ஐந்து...

"என்னங்க!" என்று அதட்டினாள் மனைவி.

நீதிபதி மெதுவாகக் கைத்தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.